துறை வேலிகளைத் தாண்டும் ஆய்வு

மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையின் புற்றுக்கட்டியைக் காட்டும் சி.டி. ஸ்கேன், அதாவது பல கோணங்களில் செலுத்தப்படும் எக்ஸ் கதிர்களை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு கணினி குறுக்குவெட்டுப் படத்தை அமைக்கும் முறை, மருத்துவர்களால் மட்டும் உருவானதன்று. அதற்கான கணிதத்தை 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆலன் கார்மாக் ஓர் இயற்பியலாளர். அக்கட்டுரைகளை அன்று ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை என்பதோடு, அதே சிக்கலை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடான் 1917இலேயே தீர்த்திருந்ததைக் கார்மாக்கும் பல ஆண்டுகள் அறிந்திருக்கவில்லை. கார்மாக்கின் பணியை அறியாமலேயே இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி, 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மூளைக்கட்டியைப் படம்பிடித்தது. மருத்துவப் பட்டம் பெறாத இவ்விருவருமே 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு துறை கண்ட விடை மற்றொரு துறையை எட்ட அரை நூற்றாண்டு ஆனதென்றால், அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகளே. ஆகவே, இயற்பியலாளரும் பொறியாளரும் கணினியியலாளரும் புற்றுநோய் உயிரியலாளரும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றும் கூட்டாய்வுகளுக்குப் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் முன்னுரிமை அளிக்க வேண்டும்.