வழக்குத் தொடுப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

வெளிநாட்டுத் தேர்தலொன்றில் தமிழ் வேரின் தடயம் தென்பட்டாலே எம்மவர் இல்லங்களிற் பெருமிதம் பொங்குவது வழக்கம். கமலா ஹரிஸின் தாயார் சியாமளா கோபாலன் தமிழகத்திலிருந்து அமெரிக்கா சென்றவர். பாட்டனாரின் பூர்வீக ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். பேத்தி 2020 இல் உப ஜனாதிபதியாகத் தெரிவானபோது அவ்வூர் கொண்டாடியது. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலிற் தோற்றபோது வாடியது. இவை இயல்பானவையே. ஆயினும், நீதி தேடி அலையும் இனமாகிய நாம் கற்கவேண்டிய பாடம் இவ்விரு தேர்தல்களிலும் இல்லை. அது 2010 ஆம் ஆண்டின் கலிபோர்னியாத் தேர்தலில் இருக்கிறது என்பதே எமது கருத்து.

கலிபோர்னியாவின் 58 மாவட்டங்களிலும் அரசு சார்பில் வழக்குத் தொடுநராக இருப்பவரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். மாநிலம் முழுவதற்குமான சட்டமா அதிபரும் அவ்வாறே தெரிவாகிறார். 2010 இல் அப்பதவிக்குப் போட்டியிட்ட முதன்மை வேட்பாளர்கள் இருவருமே உள்ளூர் வழக்குத் தொடுநர்கள். ஒருவர் சான் பிரான்சிஸ்கோவின் கமலா ஹரிஸ். மற்றவர் லொஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டீவ் கூலி.

இருவரும் தத்தம் கடந்தகாலக் கணக்கை மக்கள் முன் வைக்கவேண்டியிருந்தது. 2004 இல் இளம் காவல் அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டபோது, மரண தண்டனை கோருவதில்லை என்ற தமது முடிவை ஹரிஸ் சில நாட்களுக்குள்ளேயே அறிவித்தார். அந்த அலுவலரின் இறுதிச் சடங்கிலேயே செனட்டர் டயான் பைன்ஸ்டைன் அம்முடிவுக்கு எதிராகப் பேசினார். ஆறாண்டுகள் கழித்தும் அக்கேள்வி அவரைத் தொடர்ந்தது. சான் பிரான்சிஸ்கோக் காவற்துறை ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த முறைகேட்டை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளுக்கு அறிவிக்கத் தவறியதற்காக, 2010 இல் நீதிபதி ஒருவர் அவரது அலுவலகத்தைக் கண்டித்தார். நூற்றுக்கணக்கான போதைப்பொருள் வழக்குகள் கைவிடப்பட்டன. கூலியோ, ஓய்வூதியத்தையும் புதிய பதவியின் சம்பளத்தையும் சேர்த்துப் பெறுவீர்களா என்று விவாதமேடையில் வினவப்பட்டபோது, அது தாம் உழைத்துத் தேடியது என்று விடையளித்துச் சங்கடத்துக்குள்ளானார். தேர்தல் இரவில் வெற்றியை அறிவித்தவரும் கூலியே. மூன்று வாரங்கள் எண்ணிய பின்னர், சுமார் 74,000 வாக்குகளால் ஹரிஸ் வென்றார்.

இம்முறை குறையற்றது என்று நாம் கூறவரவில்லை. வாக்கு வேண்டி நிற்பவர் கூட்டத்தின் கோபத்துக்கு இசைந்து தண்டனை கோரும் அபாயம் அதில் உண்டு. பதவி மனிதரை மாற்றுவதும் உண்டு. மரண தண்டனையைத் தனிப்பட எதிர்த்த ஹரிஸ், கலிபோர்னியாவின் மரண தண்டனை முறை அரசியலமைப்புக்கு முரணானது என 2014 இல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தபோது, அதற்கு எதிராக மேன்முறையீடு செய்தார். அவருடைய தமிழ் இரத்தம் இவ்வினாக்கள் எதற்கும் விடையாகாது. ஆனால் வினாக்கள் பகிரங்கமாக எழுந்தன. அதுவே முக்கியம்.

இதனைத் தாயகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையின் சட்டமா அதிபரை ஜனாதிபதி நியமிக்கிறார். அரசுக்கு ஆலோசனை கூறுவதும், அரசின் படையினர்மீது வழக்குத் தொடுக்கவேண்டியதும் ஒரே திணைக்களம். 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டு ஓடினர். 2019 இல் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். சிவா பசுபதி என்ற தமிழர் 1975 முதல் 1988 வரை சட்டமா அதிபராக இருந்ததையும் நாம் மறக்கலாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது அவர் காலத்திலேயே. நாற்காலியில் அமர்பவர் எம்மவரா என்பதைவிட, அந்த நாற்காலி யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே முதற் கேள்வி.

நாம் வாழும் நோர்வே மூன்றாவது வழியைக் கொண்டது. இங்கும் தலைமை வழக்குத் தொடுநர் நியமிக்கப்படுபவரே, தேர்தல் இல்லை. எனினும் தனியொரு வழக்கில் நீதி அமைச்சர் அவருக்குக் கட்டளையிட முடியாது. பொலிசார் உங்கள் முறைப்பாட்டைக் கைவிட்டால், அறிவித்தல் கிடைத்த மூன்று வாரங்களுக்குள் மேலதிகார வழக்குத் தொடுநரிடம் நீங்கள் முறையிடலாம். இவ்வுரிமையை அறியாது கடிதத்தை மடித்து வைத்துவிடுவோர் எம்மிடையே இருத்தலாகாது.

மேலும் ஒன்று. லில்லெஸ்ட்ரோமிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில், பெரும்பாலான குற்ற வழக்கு விசாரணைகளில் ஒரு தொழில்முறை நீதிபதியுடன் இரு பொதுமக்கள் சம உரிமையோடு அமர்ந்து தீர்ப்பளிக்கின்றனர். அவர்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரசபை தெரிவு செய்கிறது. 21 வயது நிரம்பி, நகரசபைத் தேர்தலில் வாக்குரிமையும் நோர்வேஜிய மொழியறிவும் உடையோர் முன்வரலாம். மூன்றாண்டுகள் தொடர்ந்து இங்கு பதிவு பெற்று வாழ்ந்தோர்க்கு, குடியுரிமை இல்லாவிடினும் அவ்வாக்குரிமை உண்டு.

நீதி மறுக்கப்பட்டதால் நாடிழந்தவர்கள் நாம். கலிபோர்னியாவில் எவர் வென்றார் என்று மகிழ்வதோடு நின்றுவிடாமல், அடுத்த முறை நகரசபை பெயர்களைக் கோரும்போது, நீதியின் ஆசனத்தில் அமரத் தகுதியுள்ள இளையோர் தம் பெயரையும் கொடுப்பார்களாக.