ஸ்கேலிங் செய்தும் சிவப்பு மாறாத ஈறு

"காரம் பட்டாலே எரியுது டாக்டர்." நம் கிளினிக்குகளில் இதைவிடச் சாதாரணமான புகார் கிடையாது. ஒரு பி காம்ப்ளெக்ஸ், தடவிக்கொள்ள ஒரு ஜெல், காரத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை. பெரும்பாலும் வேலை இதோடு முடிந்துவிடுகிறது. அதே எரிச்சலோடு திரும்பி வருபவர் நாற்பதைத் தாண்டிய பெண்ணாக இருந்தால், ஓரல் லைக்கன் பிளானஸ் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

விக்கம் 1895இல் விவரித்த வெள்ளைக் கோடுகள் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த வலைப்பின்னல் வகைக்குப் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை. எரிகிறது என்று வருபவரின் வாயில் சிவப்பும் புண்ணும்தான் முன்னே தெரியும். கோடுகள் அவற்றின் ஓரத்தில் மங்கலாகக் கிடக்கும். இரு கன்னங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் அவை கண்ணில் படாது. கன்னத்தை இழுத்துப் பிடித்ததும் வெண்மை மறைந்தால் அது லியூகோஎடிமா. லைக்கன் கோடுகள் அப்படி மறைவதில்லை.

நாம் அதிகம் தவறவிடுவது ஈறு வகையை. ஈறு செக்கச்செவேலென்று, தோல் உரிந்தாற்போல் இருக்கும். தொட்டால் வலிப்பதால் நோயாளி பிரஷ் செய்வதைக் குறைத்துக்கொள்கிறார். பற்படலம் சேர்கிறது. அதைப் பார்த்து நாம் ஸ்கேலிங் செய்கிறோம். கொஞ்சம் தேறியதும் நம் முடிவு சரிதான் என்று நம்பிவிடுகிறோம். பற்படலத்தால் வரும் அழற்சி ஈறின் விளிம்பில்தான் தொடங்கும். இங்கே சிவப்பு ஒட்டிய ஈறு முழுவதும் பரவியிருக்கும். அழுக்கின் அளவுக்கும் சிவப்பின் அளவுக்கும் பொருத்தமே இராது. ஸ்கேலிங்குக்குப் பிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால், இன்னொரு ஸ்கேலிங் தேவையில்லை, பயாப்ஸிதான் தேவை.

உரியும் ஈறு பெம்ஃபிகாய்டாகவோ பெம்ஃபிகஸாகவோ கூட இருக்கலாம். முன்னது கண்ணைப் பாதிக்கக்கூடியது, பின்னது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஃபார்மலினில் ஒரு துண்டு மட்டும் போதாது. புண்ணை ஒட்டிய, மேல்தோல் உரியாத இடத்திலிருந்து இன்னொரு துண்டை மைக்கேல் திரவத்தில் போட்டு நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு அனுப்ப வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுக்கும் பயாப்ஸி குழப்பத்தையே கூட்டும். 'முதலில் மருந்து, பிறகு பார்க்கலாம்' என்ற பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே பக்கம், அமால்கம் அடைப்பை ஒட்டியோ வெற்றிலை பாக்கு அடக்கும் இடத்திலோ புண் இருந்தால் லைக்கனாய்டு மாற்றத்தைச் சந்தேகிக்கலாம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளின் பட்டியலையும் கேளுங்கள். பாக்கு மெல்பவரின் எரிச்சலுக்குச் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸும் காரணமாகலாம். கன்னம் வெளுத்துப் பட்டையாக இறுகியிருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் லைக்கன் பிளானஸைப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகளில் வைத்திருக்கிறது. மாறுவது சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் என்றாலும், எரிச்சல் அடங்கியதும் நோயாளி வருவதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஈறில் இந்நோய் உள்ள பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பிலும் புண் இருக்கும். பல் டாக்டரிடம் அதை யாரும் தானாகச் சொல்வதில்லை. தனியாகப் பேச வாய்ப்பளித்து நாம்தான் கேட்க வேண்டும். ஆம் என்றால் அன்றைக்கே மகளிர் நல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.