கதிரையில் கட்டிப்போட்டால் கொரோனா வராதா?



2021 ஒக்டோபர் 21ஆம் திகதி 200 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் திறந்தன. 25ஆம் திகதி மற்ற ஆரம்பப் பிரிவுகளும் திறந்தன. முன்பள்ளிகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முகநூலில் வரும் எங்கட ஊர்ப் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நிலத்தில் வெள்ளைப் பெயின்டில் சதுரம். சதுரத்துக்குள் கதிரை. கதிரையில் நாலு வயதுப் பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல. கீழே "சுகாதார வழிகாட்டல்களை முழுமையாகப் பேணி" என்று ஒரு வரி. அதற்கு எத்தனை மாஷா அல்லாஹ்!

சின்ன வகுப்பு எடுக்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். கோபப்படுகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நோயைச் சிறிதாக்க நாங்கள் வரவில்லை. ஊர் பட்டதை நாங்களும் பட்டோம். 2021ஆம் வருடம் பிறந்ததே ஊர் முடக்கத்தில்தான். நம்முடைய மௌத்துகளை அடக்கும் உரிமைக்காக 2021 பெப்ரவரிக் கடைசி வரை துஆக் கேட்டுக்கொண்டிருந்தோம். மார்ச்சில்தான் ஒட்டமாவடி மண்ணுக்கு முதல் ஜனாஸாக்கள் போயின. அந்த நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று, நாலு, ஐந்து வயது. பெரியவர்கள் கூடத்தில் பேசியதையெல்லாம் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். தரம் 1இல் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது: "கிட்ட வராத, அம்புலன்ஸ் வந்து ஏத்திட்டுப் போயிடும்." இடைவெளி என்றால் அந்தப் பிள்ளைக்கு அம்புலன்ஸ். சதுரம் கீறி உட்கார வைத்து அதே பயத்தைத்தான் நாம் வகுப்பிலும் படிப்பிக்கிறோம்.

சதுரத்தால் பாதுகாப்பாவது கிடைக்கிறதா? இந்த நோய் காற்றிலும் பரவுகிறது. வாடகை வீட்டு ஹோலில் யன்னலைச் சாத்தி, ஏசியையும் போட்டு, ஒரு மீற்றருக்கு ஒரு பிள்ளையை வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மூச்சைத்தான் இழுக்கிறார்கள். டென்மார்க் 2020 ஏப்ரல் 15ஆம் திகதியே சின்னப் பிள்ளைகளின் பாடசாலைகளைத் திறந்தது. அங்கே செய்தது இதுதான்: சின்னச் சின்னக் குழு, அடிக்கடி கை கழுவுதல், முடிந்த நேரமெல்லாம் வெளியில் வகுப்பு. அவர்கள் குளிரிலேயே வெளியில் போனார்கள். நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் காற்று. நாம் யன்னலைச் சாத்துகிறோம்.

உண்மையைச் சொல்லட்டுமா? பிள்ளையைக் கதிரையில் கட்டிப்போட்டது கொரோனா இல்லை, கொப்பி. உம்மா வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன எழுதின?" பக்கம் நிறையாவிட்டால் பிள்ளையை வேறு முன்பள்ளிக்கு மாற்றுவார்கள். முன்பள்ளி டீச்சர்மாருக்கு அந்தப் பயம். அவர்கள் வாங்கும் சொற்பக் கொடுப்பனவுக்கு அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 1998 கல்விச் சீர்திருத்தத்திலிருந்து தரம் 1, 2க்கு அரசாங்கமே சொல்லிவரும் முறை என்ன? வழிகாட்டப்பட்ட விளையாட்டும் செயற்பாடும் முதலில், மேசை வேலை மிகக் குறைவு. தரம் 1க்கே அப்படியென்றால், முன்பள்ளியில் நாலு வயதுக்கு ஏன் இரட்டைக் கோட்டுக் கொப்பி?

இடைவெளியோடு விளையாட முடியாது என்பவர்களுக்கு நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். காலை எட்டு மணி வெயிலில் நிழல் பிடித்தல். ஆளைத் தொடக்கூடாது, நிழலை மிதிக்க வேண்டும். அந்த நேரத்தில் நிழல் ஆளைவிட நீளம், அதனால் பிள்ளைகள் தானாகவே தள்ளித் தள்ளி ஓடுகிறார்கள். பத்தரை மணிக்குத் திரும்ப விட்டோம். "டீச்சர், நிழல் சுருங்கிட்டு!" என்று ஒரு பொடியன் கத்தினான். எந்தக் கொப்பியில் இது வரும்?

இன்னொன்று, பாய் வீடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பாய், ஒரு சிரட்டை, கழுவிக் காயவைத்த பேரீச்சங்கொட்டை இருபது. (நமது பிரதான வீதியில் பேரீச்சமரம் நிற்பது படம் எடுக்க மட்டுமா?) வாயில் போடும் குணம் விடாத பிள்ளைக்குப் பெரிய சிப்பி கொடுங்கள். "ஏழு" என்றால் ஏழு கொட்டை சிரட்டைக்குள். "ரெண்டைக் கடலுக்குள்ள போடு" என்றால் கழித்தல். பிறகு எல்லாரும் சேர்ந்து குலுக்கினால் கேட்கும் சத்தம் இருக்கிறதே! யாரும் யாருடைய பொருளையும் தொடவில்லை. பறவை விளையாட்டுக்கு ஒரு பொருளும் தேவையில்லை. பறக்கும் பெயர் சொன்னால் கையை விரித்து அடிக்க வேண்டும், மாடு என்றால் அசையக்கூடாது. விரித்த கை பக்கத்துக் கையில் படாவிட்டால் அதுவே இடைவெளி.

இதைப் பார்த்துவிட்டு ஒரு வாப்பா, "டீச்சர்மார் விளையாட்டுக் காட்டிச் சம்பளம் எடுக்கிறாங்க" என்று போனாராம். அவருடைய மூத்த பிள்ளை புலமைப்பரிசில் டியூஷனில் ஒரு வாங்கில் ஐந்து பேரோடு நெருக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே சதுரம் கீற யாரும் போகவில்லை.

இடம் இல்லை என்பது மட்டும் உண்மை. ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில் ஒட்டிய ஊர் இது. பல முன்பள்ளிகளுக்கு ஒரு முழ வளவுகூட இல்லை. அதனால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களிடம் நேரடியாகக் கேட்கிறோம். வீட்டிலேயே வுழூச் செய்து, சொந்த முஸல்லாவைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஸஃப்பில் இடைவெளி விட்டுத் தொழுத ஊர் நாம். பழக்கமில்லாததைப் பழகினோம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை உங்கள் முற்றம் வெறுமையாகத்தான் கிடக்கிறது, லுஹருக்கு நிறைய நேரம் இருக்கிறது. பக்கத்து முன்பள்ளிக்கு அந்த இரண்டரை மணித்தியாலத்தைக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். கூட்டித் துப்புரவாக்கி ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. இந்த ஜும்ஆவுக்குப் பிறகு எந்தப் பள்ளிவாசல் சம்மதிக்கிறது என்று கீழே எழுதுங்கள், நாங்கள் வந்து பேசுகிறோம்.