எட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகை

ஐந்து வயதுக் குழந்தையிடம், வகுப்பில் நன்றாகப் படம் வரைபவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அது தன்னையே சுட்டிக்காட்டும். வேகமாக ஓடுபவரும் அதுவே. இனிமையாகப் பாடுபவரும் அதுவே. இதனைச் செருக்கு என்று கொள்வதற்கில்லை. நேற்று எட்டாத சன்னல் கம்பி இன்று எட்டுகிறது என்பதே அவ்வயதின் அளவுகோல். ஏழு, எட்டு வயதில் இந்த அளவுகோல் மாறத் தொடங்குகிறது. குழந்தை பக்கத்தில் இருப்பவரின் சிலேட்டை எட்டிப் பார்க்கிறது. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று எண்ணிப் பார்க்கிறது. 'எனக்குத் தெரியும்' என்றிருந்தது, 'அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது' என்று ஆகிறது. இம்மாற்றம் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியில்தான் நிகழ்கிறது. எழுத்தையும் எண்ணையும் கற்கும் அதே அறையில், தான் எப்படிப்பட்டவர் என்பதையும் குழந்தை கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாடத்திற்குப் பாடநூலும் இல்லை, பாடவேளையும் இல்லை.

உளவியலறிஞர் எரிக் எரிக்சன், 1950இல் வெளிவந்த தம் நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். தொடக்கப்பள்ளிப் பருவத்திற்குரிய போராட்டமாக அவர் கண்டது செயலூக்கத்திற்கும் தாழ்வுணர்ச்சிக்கும் இடையிலான போராட்டம். ஒரு செயலைத் தொடங்கி, முயன்று, முடித்துப் பார்த்த குழந்தைக்குத் தன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. அவ்வாய்ப்பு மீண்டும் மீண்டும் தவறும்போது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. குழந்தையின் மகிழ்ச்சி என்றவுடன் பலூன்களும் இனிப்புகளும் ஆண்டு விழாவும் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டியவையே, யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு மூன்று நாள் புரியாமலிருந்து நான்காம் நாள் பிடிபடும்போது ஒரு குழந்தையின் முகத்தில் தோன்றும் ஒளி வேறு வகையானது. விழா முடிந்தாலும் அது வடியாது.

'மக்கு' என்ற சொல் குழந்தையைக் காயப்படுத்தும் என்பதை இன்று பலரும் ஒப்புக்கொள்வர். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. 'புத்திசாலி' என்ற சொல்லுக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை, இருக்கவும் முடியாது. எனினும் அதுவும் ஒரு முத்திரைதான். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்கள் தரப்பட்டன. முடித்தவுடன், சிலரை அவர்தம் அறிவைச் சொல்லிப் பாராட்டினர்; சிலரை முயற்சியைச் சொல்லிப் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களில் தோல்வி கண்டபோது, அறிவுக்காகப் புகழப்பட்டவர்களே மிகுதியாகத் துவண்டனர். அடுத்து வந்த எளிய புதிர்களிலும் முன்னைவிடக் குறைவாகவே செய்தனர். புத்திசாலி என்ற பெயரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம், கற்கும் இன்பத்தைத் தின்றுவிடுகிறது. கடைசி வரிசைக் குழந்தையின் துயரம் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வரிசைக் குழந்தையின் அச்சம் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 முதல் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். பாடம் படங்களுடன் கூடிய அட்டைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏறியது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடர்ந்தது. தன் வருகையைத் தானே பதிவு செய்தது. தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் எல்லாக் குழந்தைகளின் படங்களும் தொங்கின, சிறந்தவை மட்டும் அல்ல. அனைத்திலும் எளியது, சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த கரும்பலகை. அதில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். அழைத்து முன்னே நிறுத்தி எல்லோரும் பார்க்க விடை கேட்பார் இல்லை.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைகளை ஒழுங்குபடுத்துவதிலும் பதிவேடுகளை நிரப்புவதிலும் ஆசிரியரின் நேரம் கரைந்தது. 'நீ எந்தப் படியில் இருக்கிறாய்? அவன் எந்தப் படியில் இருக்கிறான்?' என்று பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால், ஏணியே தரவரிசைப் பட்டியலாக மாறிவிடும். எந்தக் கருவியும் அதனைக் கையாள்பவரின் கேள்வியைவிட நல்லதாக இருக்க இயலாது.

உலகம் போட்டி நிறைந்தது. ஒப்பீடு அறியாமல் வளரும் குழந்தை நாளை எவ்வாறு தாங்கும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். பதினாறு வயது மாணவர் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், வினாத்தாள் கடினம், படித்தது போதவில்லை என்று காரணங்களைப் பிரித்துக் காண முடியும். அப்படிப் பிரித்துக் காண்பது எட்டு வயதில் எளிதன்று. தாளில் உள்ள எண்ணைத் தன் மேனியில் எழுதியதாகவே அது எடுத்துக்கொள்ளக்கூடும். தாங்கும் வலிமை வேண்டும் என்பதாலேயே, அவ்வலிமை வளரும்வரை சுமையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

பள்ளி செய்வதை வீடு கலைத்துவிடுவதும் உண்டு. மாலையில் பள்ளி வாயிலில் காத்திருக்கும் பெற்றோர் பலரின் முதல் கேள்வி மதிப்பெண் பற்றியது. அடுத்தது, முதலில் வந்தவர் யார் என்பது. இன்று என்ன செய்தாய் என்று கேட்கப்பட்ட குழந்தையோ, பையைச் சுமந்தபடி, வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வருகிறது.