இரண்டு மறுப்பு எதற்கு?

"ஐ டிட் நாட் டேக் நத்திங்" என்று ஒரு மாணவி சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. "அப்படியானால் ஏதோ எடுத்திருக்கிறாய்!" என்று கேலி வேறு. அவள் சொல்ல வந்தது 'நான் ஒன்றும் எடுக்கவில்லை' என்பதுதான். காணாமற்போன பேனாவைப் பற்றிய விசாரணையில் இப்படிச் சிரித்தால் அவள் மறுபடி வாய் திறப்பாளா? அன்புத் தோழியரே, இந்தச் சிரிப்பு நியாயமன்று என்பது என் கருத்து.

பிழைக்குக் காரணம் சோம்பலன்று, தாய்மொழிப் பழக்கம். 'யாரோ வந்தார்', 'யாராவது வந்தார்களா?', 'யாரும் வரவில்லை' என்கிறோம். சம்படி, எனிபடி என்பவை முதலிரண்டுக்கும் ஏறக்குறைய ஒத்துவரும். நோபடிக்கு நேரான ஒற்றைச் சொல்தான் நம்மிடம் இல்லை. நம் 'யாரும்' தானாக எதையும் மறுப்பதில்லை. மறுப்பு முழுவதும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ஆகவே 'யாரும்' என்பதை நோபடி என்றும், 'வரவில்லை' என்பதை டிட் நாட் கம் என்றும் பெயர்த்து, 'நோபடி டிட் நாட் கம்' என்று எழுதிவிடுகிறோம். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றல்லவா பொருளாகிவிடுகிறது! சரி, 'எனிபடி டிட் நாட் கம்' என்று மாற்றலாமா? அதுவும் தவறு. எழுவாயாக நின்று நாட்டுக்கு முன்னால் வர எனிபடிக்கு உரிமையில்லை. 'நோபடி கேம்' என்றே எழுத வேண்டும். செயப்படுபொருளானால் இரண்டு வழி உண்டு. 'ஐ டிட் நாட் சீ எனிபடி' என்பது பேச்சுக்கு இயல்பு. 'ஐ சா நோபடி' என்பதில் அழுத்தம் அதிகம்.

இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்பது கணக்குப் பாடத்துக்குப் பொருந்தும். மொழிகள் எல்லாம் அப்படியில்லை. ஸ்பானிய மொழியில் இரண்டு மறுப்பு இயல்பாகவே வரும். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். ஆங்கிலத்திலேயே 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் மறுப்புகளை அடுக்கியிருக்கிறார், ஷேக்ஸ்பியரிடமும் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் தம் இலக்கண நூலில், இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும் என்று எழுதினார். இவர் பின்னாளில் இலண்டன் ஆயரானவர். பிழையென்று நாம் சிரிப்பது ஒரு காலத்தில் பெரிய கவிஞர்களின் வழக்கு!

பரீட்சைத் தாளில் இன்றைய விதிப்படிதான் எழுத வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை (ஒரே மறுப்புகூட இல்லை!). ஆனால் 'ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு அட்டவணையை மனப்பாடமாகக் கொடுக்குமுன், கரும்பலகையில் 'யாரும் வரவில்லை' என்று எழுதி, "இதில் மறுப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது?" என்று கேட்கலாமே. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

- பத்தாம் வகுப்பு மாணவி