நூடுல்ஸும் நாணயமும்

உண்மையான சீனச் சுவை, எல்லாக் கிளைகளிலும் ஒரே தரம்: கிளை பரப்பும் சீன உணவகங்கள் இவ்விரண்டு வாக்குறுதிகளைச் சொல்லியே நம் குடும்பங்களை அழைக்கின்றன. சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் சென்று பிள்ளைகளுடன் நூடுல்ஸ் உண்டு திரும்பும் நாமும் அவற்றை நம்பியே பணம் கொடுக்கிறோம். வாக்குறுதி ஓர் அமானிதம். அதை உரைத்துப் பார்ப்பது நம் உரிமை.

முதலில் சீனச் சுவை. நம் ஊர்த் தட்டுகளில் வரும் ஹக்கா நூடுல்ஸ், கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் இந்திய நாவுக்கேற்பச் சமைத்த வழியில் வந்தது. சிக்கன் மஞ்சூரியனோ 1975-இல் பம்பாயில் நெல்சன் வாங் என்பவர் ஆக்கியதாக அறியப்படுகிறது. மஞ்சூரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நம் சபுராளிகளும் இதைத்தான் செய்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீனரின் மஞ்சள் மீயை மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து, மீ கோரெங் என்று விற்றார்கள். அக்கடைகளுக்கு வழங்கும் 'மாமாக்' என்ற பெயரே நம் 'மாமா'விலிருந்து வந்ததுதான். ஆனால் அதை அவர்கள் சீனத்து அசல் என்று விற்கவில்லை. கலப்பதில் குற்றமில்லை, கலந்ததை அசல் என்பதே குற்றம்.

மது சேர்க்காமல் சீனச் சுவை வராது என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் லான்ஜோ நகரத்து மாட்டிறைச்சி நூடுல்ஸை அறியாதவர்கள். ஹுய் முஸ்லிம்கள் வளர்த்த அந்த உணவு, சீனம் முழுவதும் புகழ்பெற்ற ஹலால் உணவு. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைத் தழை, மஞ்சள் நூடுல்ஸ் என ஐந்து அடையாளங்களும் அதற்கு உண்டு. அசலும் ஹலாலும் ஒரே கிண்ணத்தில் அமையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அடுத்தது ஒரே தரம். ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு கிளையில் உதிரியாகவும் மறு கிளையில் எண்ணெயில் ஊறிக் குழைந்தும் வருவது ஏன்? வேகவைக்கும் நேரம், சாஸின் அளவு, அடுப்பின் வேகம் ஆகியவை எழுதி வைக்கப்படாமல் சமையற்காரரின் கைப்பழக்கத்தில் மட்டும் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது சுவையும் உடன் போய்விடும். கிளைகள் பெருகுகின்றன, அளவு பெருகுவதில்லை.

நம் ஊர் ஸ்தபதிகளைப் பாருங்கள். மெழுகு உருவின் மேல் காவிரி வண்டல் பூசி வார்க்கும் அவர்கள், ஒவ்வொரு வார்ப்புக்குப் பின்னும் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஆயினும் தென்னையோலையை மடித்து வகுக்கும் அளவு பிசகுவதில்லை. கைத்தொழிலில் காக்கப்படும் ஒழுங்கை, ஒரே தரம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் கேட்பது மிகையா?

சுவை பிசகினால் நாக்கோடு போகும். பொருள் பிசகினால் மார்க்கத்தைத் தொடும். ஆய்ஸ்டர் சாஸில் சிப்பிச் சத்து இருக்கிறது. ஷாஃபி மத்ஹபினர் உண்ணலாம். ஹனஃபி மத்ஹபினருக்கு ஆகாது. டெல்டாவில் இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்கிறோம். ஒரு கிளையில் அது உண்டு, மறு கிளையில் இல்லை என்றால், கதவில் ஒட்டிய ஹலால் வில்லையால் யாருக்கு என்ன பயன்?

"ஒரு தட்டு நூடுல்ஸுக்கு இத்தனை விசாரணையா?" என்பார்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் கலோரி அளவை உணவுப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று அரசின் விதியே சொல்கிறது. கலோரியைக் கேட்பது நாகரிகம், சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்பது வம்பு என்றால், அது என்ன நியாயம்?

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நெல் குவியும் இந்த மண்ணில் அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஆகவே கேளுங்கள்: எந்த சாஸ், யார் அறுத்த இறைச்சி, எல்லாக் கிளைகளிலும் இதுதானா? நம்மவர் நடத்தும் கடையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். நேர்மையான வணிகர் இதில் மகிழ்வார். நம் உணவையும் வணிகத்தையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக.