பில் இல்லாத மலிவும், பேர் போட்ட கருத்தும்!



மஃரிப் தொழுதுவிட்டுக் காஜிமார் தெருப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். நம் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் இரண்டே இரண்டு பேச்சுதான். ஒன்று, எங்கே என்ன மலிவு! "பழைய லேப்டாப், எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டது, பன்னிரண்டாயிரம்தான் பாய்!" இரண்டாவது, அரசியல். எந்தக் கட்சி நம்மை ஏமாற்றியது, எந்தத் தலைவர் என்ன உளறினார் என்று அதே வாய், அதே சூட்டோடு பேசுகிறது. பேசி முடித்த கையோடு அது செல்போனில் ஏறி நாலு குழுமத்துக்குப் போய்விடுகிறது.

நான் குறுக்கே ஏதாவது சொன்னால், "அஜரத், நீங்க ஓதிக் கொடுங்க, கம்ப்யூட்டரை எங்ககிட்ட விடுங்க" என்கிறார்கள். விட்டுவிடலாம்தான்! ஆனால் வம்பு வந்தால் பள்ளிவாசல் வாசலுக்குத்தானே வருகிறீர்கள்?

மலிவு தேடுவதை நான் குறை சொல்லவில்லை. நாம் வியாபார சமுதாயம். டவுன் ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் பேரம் பேசத் தெரியாதவன் மதுரைக்காரனே இல்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்களில் நல்ல சரக்கு இருக்கிறது. திங்க்பேட், லேட்டிட்யூட் போன்றவை அலுவலக அடிதாங்கும் கட்டுமானம். புதிதாக வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவனுக்கு அது பெரிய உதவி. இதில் என்ன தப்பு?

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது அவர்களே வைத்த நிபந்தனை. ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன! அந்த இயந்திரத்தில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, "லேட்டஸ்ட் பாய்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நிறுவனம் ஒப்புக்கொண்ட முறை அல்ல, அப்டேட் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பதை வாங்குகிறவனிடம் சொல்வதில்லை. பேட்டரியின் உயிர் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சொல்வதில்லை. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் இயந்திரத்திலேயே பார்த்துவிடலாம்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தை மேலே போட்டிருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிற வியாபாரி, கடைக்குப் போய் ஈரத்தை அடியில் தள்ளிவிடுகிறார்! தானியமாயிருந்தால் என்ன, லேப்டாப்பாயிருந்தால் என்ன?

வாங்குகிறவனுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் பில் இல்லாமல் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கினான். வெளியே அதன் விலை இரண்டு மடங்கு. ஏன் இவ்வளவு மலிவு என்று அவன் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் வேறு மாவட்டத்திலிருந்து போலீஸ் வந்தது. திருட்டுப் போன். தம்பியை நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் விசாரணை செல்போனை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியது. எந்த இயக்கம், யாரோடு பேசுவாய், எந்தக் குழுமத்தில் இருக்கிறாய் என்று கேள்வி மேல் கேள்வி. ராத்திரி பதினோரு மணிக்கு நானும் ஒரு வழக்கறிஞரும் போய் நின்றபோதுதான் பேச்சு மறுபடி செல்போனுக்கு வந்தது. நாலாயிரத்து ஐந்நூறும் போயிற்று, போனும் போயிற்று. அவன் தாயாரின் அழுகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "நம்பக் காரணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்! பாதி விலையும் பில் இல்லாமையும் காரணம் ஆகிவிடலாம். போனில் *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு அனுப்பினால் அந்தப் போன் தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் இருக்கிற வசதி இது. பேரத்துக்கு அரை மணி நேரம் செலவழிக்கிற நீங்கள் இதற்கு அரை நிமிடம் செலவழிப்பதில்லை.

அடுத்தது, "கிராக்" என்கிற சமாச்சாரம். நம் கடைகளில் பில் போடுகிற சாஃப்ட்வேர் முதல் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிசைன் சாஃப்ட்வேர் வரை ஓசியில் ஏற்றியதுதான் அதிகம். வியாபாரியைக் கேட்டால், "எல்லாரும்தானே அஜரத்" என்கிறார். எல்லாரும் வட்டி வாங்கினால் நீங்களும் வாங்குவீர்களா? மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கிராக் ஃபைலை ஏற்றும்போது முதலில் என்ன செய்யச் சொல்கிறது? ஆன்டி வைரஸை நிறுத்து என்கிறது! வருகிறவன் 'நாயைக் கட்டிப் போடு' என்றால் அவன் எதற்கு வருகிறான் என்று யோசிக்க வேண்டாமா? உங்கள் கொள்முதல், கொடுக்கல் வாங்கல், வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. நாளைக்கு அந்தப் பெட்டியை விற்கும்போது டெலிட் செய்துவிட்டால் போச்சு என்று வேறு நினைக்கிறீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் என்பது ஃபைலை அழிப்பதில்லை, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வதுதான். மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை மீட்டுவிடலாம். வீட்டுப் பெண்களின் படங்கள் இருந்த டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி அழிக்காமல் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம் என்று நினைத்தால், ஸ்டேன் சுவாமியின் கதையைக் கேளுங்கள்.

பாதிரியார் ஸ்டேன் சுவாமி வடநாட்டுக்காரர் அல்ல. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களுக்காக உழைத்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8ஆம் தேதி என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, குடிக்க உறிஞ்சு குழல் உள்ள குவளை கேட்டுக் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5இல், 84 வயதில், காவலில் இருந்தபடி மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அவருக்கு எதிரான முக்கிய ஆதாரம் எது? அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததாகச் சொன்ன ஃபைல்கள்! அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், பிரதிவாதிகள் தரப்பு கேட்டுக்கொண்டபடி அந்த டிஸ்க்கின் நகலை ஆராய்ந்தது. 2014 முதல் 2019 ஜூன் 12ஆம் தேதி வரை யாரோ அந்த இயந்திரத்துக்குள் புகுந்து ஃபைல்களை வைத்திருக்கிறார்கள் என்று 2022 டிசம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது. அந்த 12ஆம் தேதிதான் போலீஸ் அதைக் கைப்பற்றிய நாள்! மனிதர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. இதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் லேப்டாப்பிலும் 'நெட்வயர்' என்ற வேவு நிரல் நுழைக்கப்பட்டு, அதன் வழியே கடிதங்கள் வைக்கப்பட்டதாக 2021 பிப்ரவரியில் அதே நிறுவனம் சொல்லியிருந்தது. தெரிந்தவர் பெயரில் வந்த ஈமெயில் இணைப்பைத் திறந்ததுதான் அவர் செய்த ஒரே காரியம் என்கிறது அறிக்கை. என்.ஐ.ஏ. இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் அதுதான். ரோனா வில்சனுக்கு 2025 ஜனவரியில்தான் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2018 ஜூனில் உள்ளே போனவர்! விசாரணையே தொடங்காமல் ஆறரை ஆண்டுகள்!

"நான் எதையும் மறைக்கவில்லை, எனக்கென்ன பயம்" என்கிற தம்பியே! மறைத்து வைத்ததைத் தேடி எடுப்பது ஒரு ரகம். இல்லாததை வைத்துவிட்டு எடுப்பது இன்னொரு ரகம். யார் யாரோ ஏற்றிய ஓசி நிரல்களோடு, கடவுச்சொல் இல்லாமல், கதவைத் திறந்து போட்டிருக்கிற பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டாவது ரகத்துக்கு என்ன பதில் சொல்வாய்? சாயிபு வீட்டுப் பிள்ளை என்றால் ஊரும் பத்திரிகையும் எதை முதலில் நம்பும் என்பது நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்?

ஆகவே சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடப்பில் உள்ளன. சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் 'ஹாஷ்' எண் இருக்க வேண்டும் என்கிறது சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. டிஸ்க்கில் உள்ள மொத்தத்தையும் கணக்கிட்டு வரும் ஓர் எண் அது. பிறகு ஓர் எழுத்து கூடினாலும் எண் மாறிவிடும். உங்கள் கம்ப்யூட்டரை எடுக்க வந்தால் சண்டை போடாதீர்கள். வழக்கறிஞரை அழையுங்கள். ஹாஷ் எண்ணை அப்போதே எடுத்து எழுதித் தரக் கேளுங்கள்.

இனி அந்தக் கருத்துக் கந்தசாமிகள்! கம்ப்யூட்டர் தெரிந்தவன் அரசியலும் தெரிந்தவன் என்று யார் சொன்னது? யாரோ வெட்டி ஒட்டிய படத்தை, எந்த ஊர், எந்த வருடம் என்று பாராமல் தள்ளிவிடுகிறான். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதிய பிள்ளை அவன். 2012 நவம்பரில் மகாராஷ்டிராவின் பால்கரில், பால் தாக்கரே மறைவுக்கு ஊரை அடைத்ததைப் பற்றி ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு 'லைக்' போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து கிளம்பிய வழக்கில்தான் 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. அதற்காகக் கவலை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பகைமை தூண்டியதாக வழக்குப் போட 196ஆம் பிரிவு இருக்கிறது, வதந்திக்கு 353 இருக்கிறது.

பேசாதே என்று நான் சொல்லவில்லை. வாய் மூடிக் கிடந்த சமுதாயத்துக்கு என்ன கிடைத்தது? பேசு, உன் பெயரைப் போட்டுப் பேசு, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. நீ கரைகண்ட கம்ப்யூட்டர் விஷயத்திலேயே பேசு! "கம்ப்யூட்டருக்கு ஏது அரசியல்" என்கிறாயே, 2006க்குப் பின் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது அரசியல் முடிவு இல்லையா? 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடு விண்டோஸையும் சேர்த்தது அரசியல் இல்லையா? கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அன்றே எதிர்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய அந்த லேப்டாப்பையே பழைய சாமான் கடையில் போட்டவர்களும் உண்டு. நல்ல இயந்திரத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தேதி குறித்துக் கிழடாக்கும்போது, அதில் காசில்லாமல், கிராக் இல்லாமல் ஓடுகிற லினக்ஸை ஏற்றத் தெரிந்த நீ, டீக்கடையில் உட்கார்ந்து தலைவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

இதை எழுதத் தொடங்கியபோது ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டான்: "அஜரத், நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கிறது என்ன?" பார்த்தால், விண்டோஸும் கிராக், பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேரும் கிராக்! எனக்குத் தலை குனிந்துவிட்டது. மறுநாளே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, டிஸ்க்கை அழித்து, லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகளைத் திறந்தால் பூச்சி பூச்சியாக வருகிறது. அந்தத் தம்பிதான் தினமும் இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். இன்னும் மூன்று ஆண்டு இதழ்கள் பாக்கி. கைகொடுக்க இரண்டு பேர் வேண்டும்.